மூன்றாம் நம்பரில் அப்டேட் போட்ட மத்தியானம்

“ஏனுங்கக்கா, அப்டேட்டெல்லாம் இப்ப அதுவே போட்டுக்குது. இத்தனை வருசமா நீங்க அதுல என்னத்தப் பண்ணுனீங்க?” என்று போனில் கோகிலா கேட்டாள். வெள்ளகோவிலில் நான் வேலை பார்த்த திருமணத் தகவல் மையத்தில் இப்போது என் நாற்காலியில் உட்காருகிற பெண் அவள். கேலியாகத்தான் கேட்டாள். எனக்குப் பேச்சு எப்போதும் ஒருநாள் பிந்தித்தான் வரும். மையத்தின் மாதப் புத்தகத்தில் வரன் விவரங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு பக்கம் மிச்சம் விழும், அதில் எழுதிக் கொடுங்கள் என்று அவளே சொன்னதால் எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாவது. பிழை இருந்தால் கோகிலா திருத்திக்கொள்ளட்டும்.

கூட்டிப் பெருக்கவும் டீ வைக்கவும்தான் நான் மையத்துக்குப் போனேன். அப்போது வரன் விவரமெல்லாம் நோட்டில் இருந்தது. அப்புறம் ஆறு கம்ப்யூட்டர் வந்தன. ஆபரேட்டர் பெண்கள் வந்தார்கள். வந்த வேகத்தில் கல்யாணமாகிப் போனார்கள். மையத்திலேயே வேலை பார்க்கிற பெண்ணுக்கு வரன் அமைய எத்தனை நாளாகும்? ஒவ்வொருத்தி போகும்போதும் அவள் வேலையில் ஒரு பிடி என் கைக்கு வந்தது. மூன்று வருசத்தில் மிசின்களைப் போடுவது, அணைப்பது, அப்டேட் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பாகிவிட்டது. இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரியும். வார்த்தைகளை மனிதர்களின் முகத்தைப்போல ஜாடை பார்த்துத் தெரிந்துகொள்வேன். இன்ஸ்டால், ரீஸ்டார்ட், கேன்சல். இந்த மூன்று முகம் தெரிந்தால் அந்த வேலைக்குப் போதும்.

முதலாளி முத்துசாமி ஐயா அதற்கு முன்னால் விசைத்தறி ஓட்டியவர். சின்னவர் பெரியவர் பார்க்காமல் எல்லாரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். மாடிப்படியில் படுத்திருக்கும் பூனையைக்கூட “சித்தே நகருங்க” என்பார். கோபம் வந்தால் சத்தம் ஏறாது, ‘ங்க’தான் ஏறும். “சரசம்மாங்க, இங்க வாங்க, உக்காருங்க” என்றால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். அது திட்டுவதற்குக் கூப்பிடுவது. வெறுமனே “சரசு, டீ” என்றால் அன்றைக்கு மனிதர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

மிசின்களை அவர் தறியைப்போலத்தான் பார்த்தார். கோயமுத்தூரில் இன்ஜினியராக இருந்த அவருடைய அண்ணன் மகன், இலவசமாகக் கிடைக்கிற ஏதோ ஒரு சாப்ட்வேரை ஆறிலும் போட்டுக் கொடுத்துவிட்டு, “அப்டேட் வந்தா நீங்கதான் பாத்துப் போடோணும். பிரவுசரை மூடிப்போட்டுத்தான் போடோணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். படமும் எழுத்தும் வருகிற அந்தச் சன்னலுக்குத்தான் பிரவுசர் என்று பெயர். மூடாமல் போட்டால் என்ன ஆகும் என்று ஐயா கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் ஐயாவுக்கே புரியவில்லை. கடைசியில் ஐயா தன் பாஷையில் எனக்குச் சொன்னார்: “தறி ஓடிட்டிருக்குதுங்க. ஓடறப்பவே அடியில நீங்க பாகத்த மாத்திப்போட்டீங்க. ஏற்கெனவே நெய்ஞ்ச துணி அப்படியே நிக்கும். அடுத்த இழை வாங்கறப்ப நூலு பழசு, பாகம் புதுசு. அது ஓடுமுங்களா?” எனக்குப் புரிந்தது. திறந்து வைத்த பக்கம் அப்படியே கண்ணுக்குத் தெரியும். புதிதாக ஒன்றைத் தொட்டால் வராது. வெள்ளையாக ஒரு பக்கம் வந்து, நடுவில் இரண்டு வரி இங்கிலீஷில் ஏதோ சொல்லி, கீழே நீலத்தில் ரீஸ்டார்ட் என்று கேட்கும்.

இது புரிவதற்கு முன்னால் ஒரு தப்பு செய்தேன். தாராபுரத்திலிருந்து ஒருவர் தன் மகள் விவரத்தைத் தானே ஏற்றுவேன் என்று உட்கார்ந்து, ஒரே விரலால் ஒரு மணி நேரம் அடித்தார். டீ குடிக்க எழுந்துபோனார். அந்த மிசினில் நீலப் பொத்தான் தெரிந்தது. நல்லது செய்வதாக நினைத்து அமுக்கினேன். எல்லாம் மூடி, எல்லாம் திறந்தது. பக்கம் திரும்ப வந்துவிட்டது, அவர் அடித்தது மட்டும் வரவில்லை. கட்டம் எல்லாம் காலி. அவர் வந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், “பரவால்லீங்கம்மணி” என்று மறுபடி உட்கார்ந்தார். இரண்டாம் தடவை அரை மணியில் முடித்துவிட்டார். சரிபார்க்கும்போது வயது முப்பது என்று இருந்தது. காலையில் கொடுத்த தாளில் முப்பத்திரண்டு. கேட்டேன். “மொதத் தடவ தப்பாப் போட்டுட்டனுங்க. அதான் கடவுளே அழிச்சுப்போட்டாரு” என்றார். ஐயா தாளைப் பார்த்து முப்பத்திரண்டாக்கினார்.

அதற்குப் பிறகு ஐயா முறை வகுத்தார். அப்டேட் மத்தியானம்தான், குடும்பங்கள் கீழே மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போகிற நேரத்தில். அவர்கள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு நாற்காலிக்கும் போய், “சித்தே மூடிக்கலாமுங்களா?” என்று கேட்க வேண்டும். பாதி அடித்த விவரம் இருந்தால் அந்த மிசினுக்கு அன்றைக்கு அப்டேட் இல்லை. வரன் படம் திறந்திருந்தால் பதிவு எண்ணைச் சீட்டில் எழுதி மானிட்டரின் அடியில் ஒட்ட வேண்டும், திரும்ப எடுத்துக் கொடுப்பதற்கு. அப்புறம் சன்னலை மூட வேண்டும். மூடிய பிறகு கீழ்ப் பட்டையைப் பார்க்க வேண்டும். பிரவுசர் படத்துக்கு அடியில் சின்னப் புள்ளி இருந்தால் இன்னொரு சன்னல் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. புள்ளி போனபிறகுதான் இன்ஸ்டால். பாஸ்வேர்டு ஐயாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அடுத்து மானிட்டரின் தலையில் ஒரு சிவப்புத் துணி. தறிப்பட்டறையில் ரிப்பேர் நடக்கிற தறியின் சுவிட்சில் சிவப்புத் துணி கட்டுவார்களாம். முடிந்ததும் பிரவுசரைத் திறந்து, மையத்தின் முகப்பில் இருக்கிற முருகன் படம் முழுசாக வருகிறதா என்று பார்த்துத் துணியை எடுக்க வேண்டும்.

கேட்பதுதான் எனக்குக் கஷ்டம். சொந்தபந்தம் என்று கட்டுக்கடங்காத ஒறம்பரைக் கூட்டம் ஒரு மிசினைச் சுற்றி நிற்கும்போது நடுவில் போய் ஒரு வார்த்தை பேச எனக்கு வேர்த்துவிடும். அதனால் பல நாள் அவர்கள் இறங்கிப் போகும்வரை தள்ளி நின்று, பிறகு வெறும் கண்ணால் பார்த்து மூடுவேன். அதுவே ஒருநாள் வினையானது.

அது முகூர்த்த மாதம். கூட்டம் குறையாததால் மூன்று நாளாக அப்டேட் தள்ளிப்போயிருந்தது. அன்று மூன்றாம் நம்பரில் காங்கேயம் பக்கத்துக் குடும்பம். அப்பா, அவருடைய அக்கா, கூடவே பெண்ணும். பெண் நேரில் வருவது அபூர்வம். புவனா என்று பேர், ஒரு மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், இருபத்தொன்பது வயது. அம்மா இல்லை. வீட்டில் அத்தை சொல்வதுதான் சொல். அந்த அத்தை வரும்போதே மாடிப்படியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “இன்னைக்குப் பாக்கறதுதான் கடேசி. இதுலயும் அமையலீன்னா வெள்ளிக்கெழம கரூர்க்காரங்களுக்குச் சரின்னு சொல்லிப்போடறது.” கரூர்க்காரர் அத்தை வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட சொந்தம். புவனாவின் முகத்தைப் பார்த்தால் அது எப்படிப்பட்ட சம்பந்தம் என்று தெரிந்துவிட்டது.

பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு அவள் ஒரு வரனின் பக்கத்தைத் திறந்து அதிலேயே நின்றாள். பதிவு எண் நானூற்றுப் பன்னிரண்டு. எனக்கு அந்த எண் தெரியும். தாராபுரத்துக்குத் தெற்கே தோப்பு, முப்பத்தேழு வயது, ஆறு வருசமாகப் பதிவு. அவருடைய அப்பா மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து, “ஏதாச்சும் போன் வந்துச்சுங்களா?” என்று கேட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார். ‘எதிர்பார்ப்பு’ என்ற கட்டத்தில் எல்லாரும் படிப்பு, நிறம், நகை என்று எழுதுவார்கள். அந்தப் பையன் எழுதியிருந்தது: ‘மாடு கன்றைக் கண்டு பயப்படாத பெண் என்றால் நல்லது. பயந்தாலும் பரவாயில்லை.’ புவனா அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்ததை நான் டீ கொடுக்கும்போது பார்த்தேன்.

குலக் கூட்டம் வேறு, அதனால் சம்பந்தம் பண்ணலாம், பொருத்தம் பத்துக்கு ஏழு, தோப்புக்குத் தண்ணீர் உண்டு. அத்தைக்கும் குறை ஒன்றும் அகப்படவில்லை. “சாப்புட்டு வந்து மூஞ்சியப் பெருசாப் பாத்துச் சொல்றேன்” என்று எழுந்தார். ஆண்கள் எழுந்து போனால் இடம் பிடிக்கத் துண்டைக் கீபோர்டில் போட்டுவிட்டுப் போவார்கள். துண்டு கிடந்தால் நான் தொடமாட்டேன். அவர்கள் துண்டு போடவில்லை. புவனா வேறொன்று செய்திருந்தாள். பக்கத்து மிசினில் பெண் வீட்டுக்காரர்கள் இரண்டு குடும்பம். தான் பிடித்து வைத்த வரனை அவர்கள் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடக்கூடாது என்று, சன்னலைச் சுருக்கிக் கீழே இறக்கி மறைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நான் வந்து பார்த்தேன். திரையில் ஒன்றுமில்லை. அவர்களிடம் கேட்கவில்லை. கீழ்ப் பட்டையில் புள்ளியையும் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு முடித்த வேகத்தில் மூன்றிலும் இன்ஸ்டாலை அமுக்கி, துணியைப் போட்டு, பத்து நிமிசத்தில் எடுத்தும்விட்டேன். ஆனால் முருகனைப் பார்க்கவில்லை. நாலாம் நம்பர்க்காரர் அதற்குள் படியேறி வந்துவிட்டார்.

இரண்டேகாலுக்கு அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். புவனா சன்னலை மேலே கொண்டுவந்தாள். பட்டியல் அப்படியே இருந்தது, ஓரத்தில் அந்தப் பையனின் சின்னப் படத்தோடு. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “எங்கே, பெருசாக் காட்டு.” புவனா படத்தின்மேல் அமுக்கினாள். வெள்ளைப் பக்கம்.

“ஏங்கண்ணு, போச்சா?”

“இல்லீங்கத்தே, வரும்.” மறுபடி அமுக்கினாள். மறுபடி வெள்ளை.

அத்தை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “மூஞ்சியப் பாக்கோணும்னு கேக்கறப்பவே மறையுது. இது சகுனத் தடையில்லாம என்ன?”

“கம்ப்யூட்டருக்கு என்னக்கா சகுனம்?” என்றார் அப்பா.

“நீ பேசாத இரு தம்பி. காலையிலிருந்து எத்தன படம் பாத்தோம்? மத்ததெல்லாம் வந்துச்சல்லோ? இது மட்டும் ஏன் போவுது? நாளைக்கு மணவறையில கொண்டுபோய் ஒக்கார வெச்சா என்ன ஆவுமோ!”

“மணவறையிலயும் கரண்டு கனெக்சனா குடுத்திருக்கறாங்க?”

“ஆமா, உனக்கு எல்லாமே சிரிப்பு. எந்திரி கண்ணு, போலாம்.”

ஐயா எழுந்து வந்தார். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் போட்ட இன்னொரு சட்டம் உண்டு: குடும்பம் பேசும்போது மையத்தார் வாய் திறக்கக்கூடாது, வேண்டும் வேண்டாம் இரண்டும் அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும். “சர்வர் டவுன் போலீங்க, சித்தே இருந்தீங்கன்னா…” என்றார்.

“நாங்க பாக்கற நேரத்துக்குத்தான் அது டவுனாவோணுமா?” என்றார் அத்தை.

புவனா எழவில்லை. மவுஸைப் பிடித்த கையை எடுக்கவுமில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, “திரும்ப வருங்களாக்கா?” என்றாள். பக்கத்தைப் பற்றித்தான் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நான் எப்படி அங்கே போய் நின்றேன் என்று தெரியவில்லை. “நான்தானுங்க பண்ணுனேன்” என்றேன்.

அத்தை என்னை அப்போதுதான் பார்த்தார். காலையிலிருந்து இரண்டு டீ கொடுத்திருக்கிறேன். “நீயி என்னத்தப் பண்ணுன?”

“நீங்க சாப்புடப் போனப்ப அப்டேட் போட்டுட்டனுங்க. சன்னல மூடிப்போட்டுத்தான் போடோணும். நான் பாக்காம ஓடறப்பவே போட்டுப்போட்டேன். அதான் புதுசா எதத் தொட்டாலும் வராதுங்க.”

“செரி, நீதான் பண்ணுன. உன்ற கையில அது ஏன் இந்நேரம் வரோணும்? அதுதான் சகுனம்கறது.”

சகுனத்தை நம்புகிறவர்களுக்கு எது சொன்னாலும் அதுவும் சகுனத்தில் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு மேற்கொண்டு வாதம் தெரியாது. “வேற படம் ஏதாச்சும் தொட்டுப் பாருங்க” என்றேன். புவனா சட்டென்று பட்டியலில் மேலே இருந்த ஒருவரை அமுக்கினாள். வெள்ளை. அடுத்தவர். வெள்ளை. அத்தை குனிந்து பார்த்தார். “அவனுகளுக்கும் நேரஞ் செரியில்லையோ என்னமோ” என்றார். அப்பா சிரிப்பை அடக்கத் தொண்டையைக் கனைத்தார்.

நான் மவுஸை வாங்கி, முகப்பு என்று எழுதியிருக்கிற இடத்தில் அமுக்கினேன். அங்கே முருகன் வரவேண்டும், வேலும் மயிலுமாக. வெள்ளைப் பக்கம்தான் வந்தது.

“இது சாமி படமுங்க” என்றேன். “அவரும் வரலீங்க.”

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், “ஏம்மா, சாமியையே மறைச்சுப்போட்டியே! மொதல்ல அவரக் கொண்டா” என்றார்.

நீலப் பொத்தானை அமுக்கினேன். எல்லாம் மூடியது. எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் பெரிசாக இருந்தது. ஆறு மிசினுக்கும் எத்தனையோ தடவை ரீஸ்டார்ட் போட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முருகன் வந்தார். நானூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணை அடித்தேன். பையன் வந்தான், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டையோடு, பெரிசாக.

அத்தை வெகுநேரம் பார்த்தார். “காது கொஞ்சம் பெருசு” என்றார். அப்புறம், “பூ கேட்டுப்போட்டுத்தான் சொல்லுவேன். வெள்ளப் பூ வந்தா மேக்கொண்டு பேசலாம், செகப்பு வந்தா கரூருதான்” என்றார். கோயிலில் இரண்டு பொட்டலத்தில் இரண்டு பூவை வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பையன் வீட்டுப் போன் நம்பரைப் புவனா எழுதி எடுத்துக்கொண்டாள். எழுதிய சீட்டைப் பையில் போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அவர்கள் போனதும், “சரசம்மாங்க, வாங்க, உக்காருங்க” என்றார் ஐயா. உட்கார்ந்தேன். “புள்ளியப் பாக்காம போட்டீங்க பாருங்க, அது தப்புங்க. அதுக்குத் திட்டறனுங்க” என்று திட்டினார், ஐந்து நிமிசம், எல்லாம் ‘ங்க’ போட்டு. பிறகு, “குடும்பத்துக்குள்ள போய்ப் பேசுனீங்க. அது அதவிடத் தப்பு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல” என்றார். சர்வர் டவுன் என்று தான் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் முறையில் ஒன்று சேர்ந்தது: ஆள் முன்னால் இல்லாமல் எந்த மிசினையும் மூடுவதில்லை. அதாவது நான் கேட்டே ஆகவேண்டும். வேலையை விடுகிற நாள்வரை கேட்டேன். வேர்வையும் கடைசிவரை வந்தது.

வெள்ளிக்கிழமை போயிற்று. ஒரு செய்தியும் வரவில்லை. அமைந்துவிட்டால் சொல்லுங்கள், பதிவை எடுத்துவிடுகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்புவோம். பாதிப் பேர் சொல்லமாட்டார்கள். இரண்டு பேர் படமும் பட்டியலில் அப்படியே இருந்தன. மாதாமாதம் பஸ் ஏறி வருகிற பையனின் அப்பாவும் அந்த மாதம் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா, நல்ல சேதியா, எதுவும் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்கலாம், ஆனால் நாமாகக் கேட்பது மையத்தின் வழக்கமில்லை. அந்தச் சட்டத்தை மீறுகிற தைரியம் எனக்கு இரண்டாவது தடவை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலை மேசைப் போன் அடித்தது. ஐயா இல்லாததால் நான் எடுத்தேன்.

“அக்கா, புவனாங்க. என்ற படத்த எடுத்துருங்க.”

எடுப்பதற்கு முன்னால் காரணம் கேட்டு எழுதவேண்டும். “எதுக்குன்னு போடட்டுமுங்க, அம்மணி?” என்றேன். கரூர் என்று சொல்லிவிடுவாளோ என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.

“பாக்க வேண்டியவங்க பாத்துட்டாங்க. இனி வேற யாரும் பாக்க வேண்டாமுங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “நானூத்திப் பன்னெண்டையும் எடுத்துருங்கக்கா. அவரு சொல்லக் கூச்சப்படறாரு.”

இரண்டையும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் உறுதிதானா என்று மிசின் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். ஐயா வந்ததும் சொன்னேன். “அப்படீங்களா” என்றார். பிறகு, “சரசு, டீ” என்றார்.